கட்டைச் சுமக்கும் கைகள்: குற்ற வழக்கு நடத்துநருக்கு உதவியாளர் ஏன் வேண்டும்?

2023 செப்டம்பர் 11 அதிகாலை. திருப்பத்தூர் மாவட்டம் நாட்றம்பள்ளி அருகே பெங்களூரு–சென்னை தேசிய நெடுஞ்சாலையில் பழுதாகி நின்றிருந்த வேன் மீது மினி லாரி மோதியது. தர்மஸ்தலா போய்விட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்த 7 பெண்கள் உயிரிழந்தார்கள். இப்படியொரு செய்தி மூன்று நாளில் பழசாகிவிடும். வழக்குக்கோ அப்போதுதான் வேலை தொடங்கும்.

ஏழு பேர் இறந்த எந்த விபத்து வழக்கையும் எடுத்துக்கொள்வோம். முதல் தகவல் அறிக்கை, பார்வை மகஜர், மாதிரி வரைபடம் ஆகியவை முதல் நாளே எழுதப்படுகின்றன. ஏழு பிரேத விசாரணை அறிக்கைகள், ஏழு பிரேதப் பரிசோதனைச் சான்றுகள், காயம்பட்ட ஒவ்வொருவருக்கும் மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலும் காயச் சான்றும் சேர வேண்டும். இரண்டு வண்டிகளுக்கும் மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, ஆர்.சி. புத்தகம், காப்பீடு, ஓட்டுநர் உரிமம் வேண்டும். இவற்றோடு முப்பது நாற்பது பேரின் வாக்குமூலங்கள். இறந்தவர் பெயர் ஒரு சான்றில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருந்தால் குறுக்கு விசாரணையில் அதுவே பிடியாகிவிடும். ஒரு சான்று வராமல் போனால் அந்த ஒரு மரணம் நிரூபிக்கப்படாமலே நின்றுவிடும்.

இந்தக் காகிதங்களைத் தேடி வாங்கி, சரிபார்த்து, வரிசைப்படுத்தி, சாட்சிக்கு நாள் சொல்லி, விசாரணை நாளன்று உரிய தாளை உரிய நேரத்தில் வழக்கு நடத்துநர் கையில் கொடுப்பவர் யார்? அமெரிக்காவில் கூட்டாட்சி அரசின் வழக்கு நடத்துநர்களுக்கு இதற்கென்றே பயிற்சி பெற்ற பாராலீகல் பணியாளர்கள் இருக்கிறார்கள். நம் கீழமை நீதிமன்றங்களில் அப்படி ஒரு பதவியே இல்லை. வேலை மட்டும் இருக்கிறது. அதைக் காவல் நிலையத்திலிருந்து அனுப்பப்படும் ஒரு காவலர் செய்கிறார். அவருடைய பயிற்சியும் பதவி உயர்வும் விசுவாசமும் வேறு துறையைச் சேர்ந்தவை. நம் குற்ற வழக்குகளின் தளர்ச்சிக்குச் சட்டத்தைக் குறை சொல்கிறோம், நீதிபதிகளின் எண்ணிக்கையைக் குறை சொல்கிறோம். இந்த வெற்றிடத்தைப் பற்றிப் பேசுவதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

ஆளைப் பிரித்தோம், கோப்பைப் பிரிக்கவில்லை

புலனாய்வு செய்பவரே வழக்கையும் நடத்தக்கூடாது என்பது இந்தியச் சட்டம் மெல்ல மெல்ல வந்துசேர்ந்த முடிவு. காலனிக் காலத்தில் நடுவர் மன்றங்களில் காவல் ஆய்வாளர்களே வழக்கு நடத்தினார்கள். 1958-இல் வெளிவந்த சட்ட ஆணையத்தின் 14-ஆவது அறிக்கை வழக்கு நடத்தும் பிரிவைக் காவல் துறையிலிருந்து பிரித்து, ஓர் இயக்குநரின் கீழ்த் தனித் துறையாக்கச் சொன்னது. 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 25-ஆவது பிரிவில், நடுவர் மன்றங்களில் அரசு உதவி வழக்கு நடத்துநர்களை (ஏ.பி.பி.) நியமிக்க வேண்டும் என்றும், காவல் அதிகாரி அந்தப் பதவிக்குத் தகுதியற்றவர் என்றும் விதித்தது. எஸ்.பி. ஷஹானே எதிர் மகாராஷ்டிர அரசு வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம், வழக்கு நடத்துநர்கள் காவல் துறையின் கட்டுப்பாட்டில் இருக்கக்கூடாது, தனித் துறையாக்குங்கள் என்று உத்தரவிட்டது. 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் 25-ஏ பிரிவைச் சேர்த்து வழக்குத் தொடர்வு இயக்ககத்துக்கு வழிசெய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 20-ஆவது பிரிவில் மாவட்ட அளவு வரை அந்த இயக்ககத்தை விரித்திருக்கிறது.

தமிழ்நாட்டில் குற்ற வழக்கு தொடர்வுத் துறை உண்டு. நடுவர் மன்றங்களின் ஏ.பி.பி.க்கள் தேர்வாணையத்தின் வழியே வருகிறார்கள். அமர்வு நீதிமன்றங்களில் அரசு வழக்குரைஞர்கள் மூத்த வழக்கறிஞர்களிலிருந்து நியமிக்கப்படுகிறார்கள். ஆக, வழக்கு நடத்தும் ஆளைக் காவல் துறையிலிருந்து பிரித்துவிட்டோம்.

ஆனால் அந்த ஆள் வாதாடக் கையில் எடுக்கும் கோப்பு இன்னும் காவல் நிலையத்தில்தான் இருக்கிறது. காலையில் நீதிமன்றத்துக்கு வருகிறது, மாலையில் நிலையத்துக்குத் திரும்புகிறது. அதைக் கொண்டுவருபவர், அதில் எந்தத் தாள் இருக்கிறது, எது இல்லை என்று அறிந்தவர், சாட்சியின் தொலைபேசி எண்ணை வைத்திருப்பவர் எல்லாம் காவல் துறையின் ஊழியரே. 1958-இல் தொடங்கிய பிரிவினை பாதி வழியில் நின்றுவிட்டது. ஏ.பி.பி. சட்டப்படி சுதந்திரமானவர், நடைமுறையில் அவருடைய கண்ணும் கையும் நிலைய ஆய்வாளரிடம் இருக்கின்றன.

எதிர்த் தரப்பைப் பாருங்கள். ஓரளவு வழக்கு வரும் எந்தக் குற்றவியல் வழக்கறிஞருக்கும் இரண்டு ஜூனியர்களும் ஒரு குமாஸ்தாவும் இருப்பார்கள். வாய்தா தேதி குறிப்பது, நகல் மனு போடுவது, வழக்குக் கட்டைப் பிரித்து வைப்பது, பெஞ்ச் கிளார்க்கிடம் வழக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று கேட்டு வருவது என எல்லாம் குமாஸ்தாவின் வேலை. வக்கீல் குமாஸ்தாக்களுக்கெனத் தனி நல நிதிச் சட்டமே தமிழ்நாட்டில் உண்டு. தனியார் தரப்புக்கு ஒரு குமாஸ்தா இல்லாமல் தொழில் நடக்காது என்று ஏற்றுக்கொண்ட அரசு, தன் தரப்புக்கு அது தேவை என்று இன்னும் ஏற்கவில்லை.

கோர்ட் டியூட்டி

ஒவ்வொரு காவல் நிலையத்திலிருந்தும் ஒருவர் நீதிமன்றப் பணிக்கு ஒதுக்கப்படுகிறார். கோர்ட் டியூட்டி என்று சொல்வார்கள். பெரும்பாலும் முதல்நிலைக் காவலரோ ஏட்டோ. நாட்றம்பள்ளி போன்ற ஒரு வட்டத் தலைநகரின் நிலையத்திலிருந்து நீதிமன்றத்துக்குப் போகும் இப்படியொருவரின் நாளில் என்னென்ன அடங்கும் என்று பார்த்தால், அமெரிக்கப் பாராலீகலின் பணி விவரப் பட்டியல் ஏறக்குறைய முழுவதும் அதற்குள் வந்துவிடும்.

நடுவர் இருக்கைக்கு வருவதற்குள் அன்றைய பட்டியலில் தன் நிலையத்தின் வழக்குகள் எவை என்று பார்க்க வேண்டும். சி.சி. எண், எஸ்.டி.சி. எண், அமர்வு நீதிமன்றத்துக்கு அனுப்பவேண்டிய பி.ஆர்.சி. எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு அந்தந்த வழக்கு நாட்குறிப்புக் (சி.டி.) கோப்பை ஏ.பி.பி. மேசையில் வைக்க வேண்டும். சம்மன் சார்வானதா, பிடியாணை நிறைவேறியதா என்று அறிக்கை தர வேண்டும். புதிய ரிமாண்ட் இருந்தால் அதற்கான தாள்கள். தாக்கலான குற்றப்பத்திரிகையைக் குறைபாடு சொல்லித் திருப்பினால் வாங்கிப்போய்ச் சரிசெய்து மீண்டும் போட வேண்டும். வந்த சாட்சியை உட்காரவைத்து, ஏ.பி.பி.யிடம் அழைத்துப்போக வேண்டும். அதற்கிடையே ஊரில் திருவிழாவோ அமைச்சர் வருகையோ இருந்தால் அவர் பந்தோபஸ்துக்குப் போய்விடுவார். அவருக்குப் பதிலாக வருபவருக்கு எந்த வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரியாது. அன்று வாய்தா.

இவற்றுள் ஒன்றை மட்டும் அருகில் போய்ப் பார்ப்போம். கொலைவெறித் தாக்குதல் வழக்கொன்றில் இரத்தக் கறை படிந்த சட்டை கைப்பற்றப்படுகிறது. கைப்பற்றும் மகஜரில் இரண்டு சாட்சிகள் கையெழுத்திடுகிறார்கள். சட்டையைத் துணியில் சுற்றி அரக்கு முத்திரை வைத்து, குற்ற எண், நாள், கையெழுத்துகளோடு சீட்டு ஒட்ட வேண்டும். பிறகு படிவம் 95-இல் விவரம் எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே சொத்துப் பதிவேட்டு எண் விழும். நடுவரின் கடிதத்தோடு வேலூரில் உள்ள வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கோ சென்னைக்கோ போகும். அறிக்கையோடு திரும்பி வரும். விசாரணையில் சட்டை சா.பொ.1 (சான்றுப் பொருள் 1) ஆகக் குறியிடப்படும். அறிக்கை அரசுத் தரப்புச் சான்றாவண (அ.சா.ஆ.) வரிசையில் ஓர் எண் பெறும்.

இந்தப் பாதையில் ஏழெட்டுக் கைமாற்றங்கள். மகஜரில் கோடுபோட்ட சட்டை என்றும் படிவம் 95-இல் கட்டம்போட்ட சட்டை என்றும் எழுதியிருந்தால் போதும். கைப்பற்றிய நாளுக்கும் நீதிமன்றத்துக்கு வந்த நாளுக்கும் இடையே மூன்று வாரம் இருந்து, அந்த மூன்று வாரமும் பொருள் எங்கே இருந்தது என்று யாரும் சொல்ல முடியாமல் போனால் போதும். சாட்சி உண்மை பேசியிருந்தாலும் தடயம் கைவிட்டுப் போகும். இந்த முரண்பாடு குறுக்கு விசாரணை நாளன்றுதான் ஏ.பி.பி.யின் கண்ணில் படுகிறது. அதற்கு முன்பே இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து ஒருவர் ஒப்பிட்டிருந்தால், பொருளைக் கைப்பற்றியவரிடமே விளக்கம் கேட்டிருக்கலாம், கூடுதல் சாட்சியைச் சேர்த்திருக்கலாம். ஒப்பிட ஆள் இல்லை.

இதில் அந்தக் காவலரின் மீது பழி சொல்ல எதுவும் இல்லை. சட்டம் படித்தவர் செய்யவேண்டிய வேலையை, சட்டப் பயிற்சி தராமல், தனிச் சம்பளம் தராமல், இரவுப் பணிக்கும் ஊர்வலப் பாதுகாப்புக்கும் நடுவே அவர் செய்கிறார். பல நீதிமன்றங்களில் நீண்ட அனுபவமுள்ள ஓர் ஏட்டு மாற்றலாகிப் போனால் ஏ.பி.பி.க்குக் கை ஒடிந்தது போலாகிவிடும். ஒரு துறையின் திறமை தனி ஆளின் நினைவாற்றலில் தொங்குவது அந்த ஆளின் பெருமை, துறையின் குறை.

வெளியே என்ன நடக்கிறது

அமெரிக்காவில் 94 கூட்டாட்சி நீதி மாவட்டங்கள் உள்ளன. அவற்றில் 93 அட்டர்னிகள் அரசுத் தரப்பை நடத்துகிறார்கள். அவர்களுடைய அலுவலகங்களில் பாராலீகல் ஸ்பெஷலிஸ்ட் என்பது அரசுப் பணி வரிசையில் 0950 என்ற தனி எண் கொண்ட பதவி. புலனாய்வு அமைப்பு தரும் ஆயிரக்கணக்கான தாள்களையும் வங்கிப் பதிவுகளையும் ஒலிப்பதிவுகளையும் பட்டியலிடுவது, எதிர்த் தரப்புக்குக் கொடுத்தது எது, கொடுக்காதது எது என்று கணக்கு வைப்பது, சான்றாவணங்களுக்கு எண் இடுவது, சாட்சிகளின் பயணத்தை ஒழுங்குசெய்வது, விசாரணை நடக்கும்போது வழக்கு நடத்துநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேவையான ஆவணத்தை எடுத்துத் தருவது எல்லாம் அவர்களுடைய வேலை. அவர்கள் வழக்கு நடத்துநரின் அலுவலகத்துக்கு உட்பட்டவர்கள், எஃப்.பி.ஐ.யின் ஊழியர்கள் அல்லர்.

அங்கே இந்தப் பதவி இவ்வளவு முக்கியமானதற்குக் காரணம் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான சான்றை அரசுத் தரப்பு மறைக்கக்கூடாது என்று 1963-இல் பிராடி எதிர் மேரிலாந்து வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விதித்தது. அதற்கு முன்பே, 1957-இன் ஜென்க்ஸ் சட்டம் அரசுத் தரப்புச் சாட்சியின் முந்தைய வாக்குமூலங்களை எதிர்த் தரப்புக்குத் தரச் சொன்னது. ஆக, கோப்பில் என்ன இருக்கிறது என்பதை அறிந்திருப்பது அரசுத் தரப்பின் சட்டக் கடமை. கடமை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு செனட்டர் டெட் ஸ்டீவன்ஸ் வழக்கு சாட்சி. 2008 அக்டோபரில் அவருக்கு எதிராக வந்த தீர்ப்பு, சாதகமான தகவல்கள் எதிர்த் தரப்புக்குத் தரப்படவில்லை என்று தெரியவந்ததால் 2009 ஏப்ரலில் ரத்தானது. பதவியும் பயிற்சியும் இருந்தும் அங்கே தவறு நடக்கிறது. இரண்டும் இல்லாத இடத்தில் எத்தனை தவறுகள் வெளியே தெரியாமலே போகும் என்று நாம்தான் யோசிக்க வேண்டும்.

இங்கிலாந்தின் அனுபவம் நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கேயும் காவல் துறைதான் வழக்கு நடத்திவந்தது. 1981-இல் ஓர் அரச ஆணையம் பிரிக்கச் சொன்னது. 1986-இல் கிரவுன் பிராசிக்யூஷன் சர்வீஸ் இயங்கத் தொடங்கியது. அதில் வழக்கறிஞர்களோடு பாராலீகல் அலுவலர்களும் நிர்வாக ஊழியர்களும் பணிபுரிகிறார்கள். நாம் வழக்கறிஞரை மட்டும் பிரித்து நிறுத்திக்கொண்டோம்.

இந்தியாவிலேயே மத்திய அமைப்புகளின் நிலை சற்று மேல். 1963 ஏப்ரல் 1 அன்று தொடங்கிய சி.பி.ஐ.க்குத் தனி வழக்குத் தொடர்வுப் பிரிவு உண்டு. நீதிமன்றத்தில் வழக்கைப் பின்தொடர்வதற்கென்று பைரவி அலுவலர் என்று ஒருவரை அங்கே வைக்கிறார்கள். ஆவணங்களை நீதிமன்றத்தில் முன்வைப்பது, சாட்சிகளை வரவழைப்பது, அன்றைய உத்தரவைக் குறித்து அனுப்புவது அவர் பொறுப்பு. அவரும் புலனாய்வு அமைப்பின் ஆள்தான் என்பது குறை. ஆனால் அது ஒரு வேலை, அதற்கொரு பெயரும் பொறுப்பும் வேண்டும் என்பதையாவது அந்த அமைப்பு ஏற்றிருக்கிறது.

ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழில் பகுதிக்கு மத்திய அமைப்புகளின் வழக்குகளோடும் தொடர்பு உண்டு. முழுமையாக்கப்படாத தோலுக்கு நீண்ட காலம் ஏற்றுமதி வரி இருந்தது. முழுமையாக்கிய தோலுக்கு இல்லை. பதனிட்டும் முழுமையாக்கப்படாத கிரஸ்ட் தோலுக்கான 20 சதவீத ஏற்றுமதி வரியை 2025-26 மத்திய பட்ஜெட்தான் நீக்கியது. அதுவரை, பெட்டியில் இருப்பது முழுமையாக்கிய தோலா அல்லவா என்ற கேள்வியே சுங்கத் துறை வழக்கின் உயிராக இருந்தது. பதில் சென்னை அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற ஆய்வகத்தின் அறிக்கையில் இருக்கும். மாதிரி எந்தப் பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டது, யார் முன்னிலையில், முத்திரை கலையாமல் ஆய்வகம் போனதா என்ற தாள்கள் இல்லாமல் அந்த அறிக்கைக்கு மதிப்பில்லை. வழக்கு சென்னையில் நடந்தாலும் தாள் இந்த ஊர்களிலிருந்துதான் போக வேண்டும்.

சட்டம் கூட்டிய சுமை

கடந்த சில ஆண்டுகளில் சட்டமும் உச்ச நீதிமன்றமும் அரசுத் தரப்பின் காகித வேலையைப் பல மடங்காக்கியிருக்கின்றன. ஒவ்வொன்றும் நியாயமான மாற்றம்தான்.

குற்ற விசாரணைகளில் உள்ள குறைபாடுகள் குறித்துத் தானாக முன்வந்து எடுத்த வழக்கில் 2021 ஏப்ரல் 20 அன்று உச்ச நீதிமன்றம் மாதிரி விதிகளை வெளியிட்டது. புலனாய்வில் சேர்ந்த எல்லா வாக்குமூலங்கள், ஆவணங்கள், பொருள்களின் பட்டியலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தர வேண்டும். அரசுத் தரப்பு நம்பாமல் ஒதுக்கியவையும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும் என்றது. 2022 நவம்பரில் பி. பொன்னுசாமி எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் இந்தக் கேள்வி தமிழ்நாட்டு வழக்கொன்றின் வழியாகவே மீண்டும் வந்தது. மாநிலம் விதியை ஏற்கத் தாமதித்தாலும் அந்தப் பட்டியலைக் கேட்கும் உரிமை உண்டு என்று பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது. இந்தப் பட்டியலை யார் தயாரிப்பது? தனக்குப் பாதகமான தாளையும் நேர்மையாகப் பட்டியலில் சேர்க்க, அந்த வழக்கில் குற்றப்பத்திரிகை போட்ட நிலையத்தின் ஊழியரிடமே எதிர்பார்ப்பது சரியா?

புதிய நடைமுறைச் சட்டத்தின் 193-ஆவது பிரிவு, குற்றப்பத்திரிகையோடு தரும் நகல்கள் முறையாக அட்டவணையிடப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் ஆஜரான 14 நாளுக்குள் அவருக்கும், வழக்கறிஞர் வைத்திருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் நகல் தரவேண்டும் என்கிறது 230-ஆவது பிரிவு. பழைய 207-ஆவது பிரிவின் இடத்தில் இது வந்திருக்கிறது. நகல் கொடுத்து 30 நாளுக்குள் ஒவ்வோர் ஆவணத்தையும் ஏற்கிறாரா மறுக்கிறாரா என்று கேட்க வேண்டும் என்கிறது 330-ஆவது பிரிவு. ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் குற்றம் நடந்த இடத்துக்கு நேரில் வர வேண்டும். சோதனையைக் காணொளியாகப் பதிய வேண்டும். மாற்றலாகிப் போன மருத்துவருக்குப் பதிலாக அந்தப் பதவியில் இருப்பவரை விசாரிக்க 336-ஆவது பிரிவு வழிசெய்கிறது. அவர் யார், எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிக்க ஒருவர் வேண்டும்.

மின்னணுச் சான்று இன்னொரு பெரிய சுமை. நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிக் கேமரா பதிவோ கைப்பேசி உரையாடலோ நீதிமன்றத்தில் செல்ல, பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆவது பிரிவுப்படிச் சான்றிதழ் வேண்டும். அதில் பதிவை வைத்திருந்தவர் நிரப்பும் பகுதி ஒன்று, நிபுணர் நிரப்பும் பகுதி ஒன்று. ஹேஷ் மதிப்பைக் குறிக்க வேண்டும். 2014-இல் அன்வர் வழக்கும் 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கும் பழைய 65-பி சான்றிதழ் இல்லாத மின்னணு நகலை ஏற்க முடியாது என்று தெளிவாக்கிவிட்டன. சான்றிதழை மறந்தால் கண்முன் நடந்ததைக் காட்டும் காணொளியும் பயனற்றுப் போகும்.

இத்தனை கடமைகளையும் எழுதிய சட்டம், ஏ.பி.பி.யின் அலுவலகத்தில் அவற்றைச் செய்ய ஒரு பணியிடத்தையும் எழுதவில்லை. இயக்குநர், துணை இயக்குநர், உதவி இயக்குநர் என்று மேலே மூன்று படிகளை வைத்து, பத்தாண்டு தண்டனைக் குற்றங்களை இன்னார் கண்காணிப்பார், ஏழாண்டுக்குக் குறைந்தவற்றை இன்னார் கண்காணிப்பார் என்று பிரித்திருக்கிறது. கண்காணிக்கும் ஆள்கள் கூடியிருக்கிறார்கள்; செய்யும் ஆள் அதே பழைய கோர்ட் டியூட்டி காவலர்.

இந்தப் பகுதியின் சாட்சிகள்

திருப்பத்தூர் மாவட்டம் 2019 நவம்பரில் வேலூரிலிருந்து பிரிந்து உருவானது. அதன் ஆம்பூர், வாணியம்பாடி, நாட்றம்பள்ளி வட்டங்கள் மூன்று மாநிலப் போக்குவரத்தின் நடுவில் இருக்கின்றன. பக்கத்தில் ஆந்திரத்தின் குப்பம்; நெடுஞ்சாலையில் மேற்கே போனால் கர்நாடகம்; ஜோலார்பேட்டை சந்திப்பில் இரவு பகலாக ரயில்கள். ஆம்பூர், வாணியம்பாடி வீடுகள் பலவற்றில் உருது பேசுகிறார்கள். எல்லையோர ஊர்களில் தெலுங்கு புழங்குகிறது. தோல் தொழிற்சாலைகளிலும் ஷூ கம்பெனிகளிலும் வடமாநிலத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள்.

உருதில் யோசித்துத் தயங்கித் தயங்கித் தமிழில் பேசும் ஒரு பெண்ணின் வாக்குமூலத்தை நிலைய எழுத்தர் நிலையத்துத் தமிழில் எழுதுகிறார். “மேற்படி நபர் மேற்படி இடத்தில்” என்று அது தாளில் விழுகிறது. இரண்டு ஆண்டு கழித்துக் கூண்டில் அவர் தன் சொந்தச் சொற்களில் பேசும்போது, முன்பு சொன்னதும் இப்போது சொல்வதும் வேறு என்று குறுக்கு விசாரணையில் நிறுவிவிடலாம். அவர் பொய் சொல்லவில்லை. எழுதியவர் மொழி வேறு. இதை முன்கூட்டியே கவனித்து ஏ.பி.பி.யிடம் சொல்ல, அந்தப் பெண்ணின் மொழி தெரிந்த ஒருவர் அரசுத் தரப்பில் இருக்க வேண்டும்.

ஷூ கம்பெனியில் தையல் எந்திரத்தில் உட்காரும் பெண்ணுக்கு நீதிமன்றம் போகும் ஒவ்வொரு நாளும் கூலி இழப்பு. காலையில் போய், மாலை வரை வராந்தாவில் நின்று, இன்று விசாரணை இல்லை என்று திரும்பினால், இரண்டாம் முறை வருவார். மூன்றாம் முறை வரமாட்டார். பிடியாணையோடு காவலர் வீட்டு வாசலில் நின்றால் சாட்சி குற்றவாளியைப்போல் ஊர் முன் கூனிப்போவார். அப்படி வந்தவர் பிறழ்சாட்சி ஆவதில் வியப்பில்லை. முந்தின நாள் ஒரு தொலைபேசி அழைப்பு, வந்த அன்றே சாட்சிப் படி, நாற்காலி, குடிநீர், எதிரி தரப்போடு ஒரே வராந்தாவில் நிறுத்தாத ஏற்பாடு ஆகியவை போதும், பல சாட்சிகள் நிலைத்து நிற்பார்கள். 2018 டிசம்பரில் மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டமும், மாநிலங்கள் அத்தகைய திட்டத்தை வகுக்க வேண்டும் என்னும் புதிய நடைமுறைச் சட்டத்தின் 398-ஆவது பிரிவும் மிரட்டலுக்கு ஆளான சாட்சியைப் பற்றிப் பேசுகின்றன. அலைக்கழிப்புக்கு ஆளான சாட்சியைப் பற்றிப் பேச நம்மிடம் யாரும் இல்லை.

2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத் தொழிலாளர்கள். இப்படிப்பட்ட ஒரு நிகழ்வில் உயிர் தப்பியவர்கள் சில மாதங்களில் ஊர் திரும்பிவிடுவார்கள், அல்லது வேறு மாநிலம் போய்விடுவார்கள். அவர்களுடைய நிலையான முகவரி, உறவினர் எண், காணொளி வழிச் சாட்சியத்துக்கான ஏற்பாடு எல்லாம் முதல் வாரத்திலேயே குறிக்கப்பட்டிருந்தால்தான் ஆண்டுகள் கழித்து வழக்கு நிற்கும்.

ஆவணத்தின் வலிமை என்ன என்பதை இந்தப் பகுதி நாட்டுக்கே காட்டியிருக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த பொதுநல வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. அது குற்ற வழக்கு அல்ல, ரிட் மனு. ஆனால் அந்தத் தீர்ப்பின் அடித்தளம் முழுவதும் சேர்த்துவைத்த ஆவணங்கள்: ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டது பற்றிய வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணிப்பு, கிணறுகளைப் பற்றிய கள ஆய்வு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பதிவுகள். 2001 மார்ச்சில் இழப்பீட்டு ஆணையம் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. பின்னர் அந்தப் பணம் உரியவர்க்குச் சேர்வது இழுத்தது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டுக் கண்காணிப்புக் குழு அமைக்கச் சொல்ல வேண்டியிருந்தது. தாள் சேர்த்தபோது வழக்கு வென்றது. தொடர்ந்து பின்தொடர ஆள் இல்லாதபோது வென்ற நீதி தேங்கியது.

மறுப்புகள்

சட்டப்பணிகள் ஆணையத்தின் சட்டத் தன்னார்வலர்கள் இருக்கிறார்களே, அவர்கள் போதாதா என்று கேட்கலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்த ஆணையங்களின் கீழ், 2009 முதல் செயல்படும் இந்தத் திட்டம் நல்ல திட்டம். ஆனால் அவர்கள் ஏழை எளியவருக்குச் சட்ட உதவி பெற்றுத் தருபவர்கள். அதில் குற்றம் சாட்டப்பட்ட ஏழையும் அடக்கம். அவர்களை அரசுத் தரப்பின் கோப்பைச் சுமக்கவைத்தால் அவர்கள் மீதான நம்பிக்கை கெடும்.

எல்லாம் கணினிமயமாகிவிட்டது, இ-பிராசிக்யூஷன் வந்துவிட்டது, இனி ஆள் எதற்கு என்பது இரண்டாவது மறுப்பு. காவல் நிலையம், நீதிமன்றம், சிறை, ஆய்வகம், வழக்குத் தொடர்வு ஆகிய ஐந்தையும் இணைக்கும் மென்பொருள் வந்திருப்பது உண்மை. மென்பொருள் தேதியை நினைவூட்டும். மகஜரில் கோடு என்றும் படிவத்தில் கட்டம் என்றும் இருப்பதை ஒப்பிட்டு, இது வழக்கைப் பாதிக்கும் என்று எடைபோட்டுச் சொல்ல பயிற்சி பெற்ற மனிதர் வேண்டும். அதில் பதிவேற்றவும் ஒருவர் வேண்டும்.

அரசுத் தரப்புக்கு இவ்வளவு வலிமை கொடுத்தால் குற்றம் சாட்டப்பட்டவர் என்ன ஆவார் என்பது மூன்றாவது கேள்வி. நியாயமான கவலை. வழக்கு நடத்துநர் எப்படியாவது தண்டனை வாங்கித்தர ஓடுபவர் அல்லர், நீதிமன்றத்துக்கு உண்மையைக் காட்ட உதவுபவர் என்று 1999-இல் சிவகுமார் எதிர் ஹுகம் சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கோப்பை முழுமையாக அறிந்த உதவியாளர் ஏ.பி.பி.யிடம் சாதகமான தாளோடு பாதகமான தாளையும் வைப்பார். பயனற்ற வழக்கு முன்னதாகவே தெரியும். நிரபராதி ஆண்டுக்கணக்கில் வாய்தாவுக்கு அலைவது குறையும். சாட்சிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கக்கூடாது என்ற எல்லையைப் பணி விதியிலேயே எழுதிவைக்க வேண்டும்.

செய்ய வேண்டியது

2014 ஜனவரியில் குஜராத் அரசு எதிர் கிஷன்பாய் வழக்கில், ஆறு வயதுச் சிறுமியின் கொலையில் குற்றம் சாட்டப்பட்டவரின் விடுதலையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்ய நேர்ந்தது. புலனாய்விலும் வழக்கு நடத்தியதிலும் இருந்த ஓட்டைகளே காரணம். ஒவ்வொரு விடுதலைத் தீர்ப்பையும் ஆராய்ந்து, தவறு எங்கே என்று கண்டு, பயிற்சியில் சேர்க்க வேண்டும் என்று மாநிலங்களுக்கு நீதிமன்றம் அப்போது உத்தரவிட்டது. அந்த ஆராய்ச்சியைச் செய்யவும் இதே உதவியாளர்தான் வேண்டும். ஏனெனில் எந்தத் தாள் எங்கே தவறியது என்று அறிந்தவர் அவராகவே இருப்பார்.

தமிழ்நாடு அரசு குற்ற வழக்கு தொடர்வுத் துறையின் கீழ் வழக்கு உதவியாளர் என்ற நிரந்தரப் பதவியை உருவாக்க வேண்டும். ஒவ்வொரு நடுவர் மன்றத்துக்கும் ஒருவர், ஒவ்வோர் அமர்வு நீதிமன்றத்துக்கும் இருவர் என்று தொடங்கலாம். அவர்கள் ஏ.பி.பி.க்குக் கட்டுப்பட்டவர்களாக இருக்க வேண்டும். காவல் கண்காணிப்பாளருக்கு அல்ல. சம்மன் சார்வு செய்வதும் பிடியாணையை நிறைவேற்றுவதும் காவலரிடமே இருக்கட்டும். குற்றப்பத்திரிகையைச் சரிபார்ப்பது, அட்டவணை, நகல், சான்றுப் பொருள் கணக்கு, மின்னணுச் சான்றிதழ், சாட்சியோடு தொடர்பு ஆகிய ஆறும் உதவியாளரிடம் வர வேண்டும்.

இதற்கு ஆள் பஞ்சம் இல்லை. வாணியம்பாடியில் 1919 முதல் இஸ்லாமியா கல்லூரி இருக்கிறது. திருப்பத்தூரில் 1951 முதல் தூய நெஞ்சக் கல்லூரி இருக்கிறது. வேலூரில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. உருது, தெலுங்கு, தமிழ் மூன்றும் வீட்டிலும் தெருவிலும் பேசி வளர்ந்த பட்டதாரிகள் ஆண்டுதோறும் வெளியே வந்து பெங்களூருக்கும் ஓசூருக்கும் வேலை தேடிப் போகிறார்கள். அவர்களில் சிலருக்குச் சட்டக் கல்லூரியில் ஓராண்டுப் பயிற்சி தந்து, தேர்வாணையத்தின் வழியே எடுத்து, தங்கள் சொந்த மாவட்ட நீதிமன்றங்களில் அமர்த்தலாம். பதவிக்கான பணி விதியை எழுத ஓர் அரசாணை போதும். நாடாளுமன்றம் வரை போகத் தேவையில்லை.

1958-இல் சட்ட ஆணையம் சொன்ன பிரிவினையை முடிக்க இதுவே மிச்சமுள்ள படி. மாவட்டத்துக்கு மாவட்டம் புதிய வழக்குத் தொடர்வு அலுவலகங்கள் அமையும் இந்தக் காலத்திலேயே அந்தப் பணியிடங்களையும் சேர்த்து எழுதச் சொல்லி, வழக்கறிஞர் சங்கங்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் அரசிடம் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் புதிய அலுவலகத்திலும் மேசையும் நாற்காலியும் இருக்கும், கோப்பு காவல் நிலையத்திலேயே இருக்கும்.